அக்காவின் தொண்டைப் படம்

தொண்டைக்குள் பார்க்கும் சிறு கண்ணாடியை வைக்கக் கற்றுக்கொள்ள வந்த நரைத்த வைத்தியர் ஒருவர், மூச்சுப் பட்டு மங்காமலிருக்க அதை விளக்கில் அளவுக்கு மேல் சூடாக்கிவிட்டார். புறங்கையில் தொட்டுப் பார்த்த பிறகே வாய்க்குள் விட வேண்டும் என்பது அந்த வகுப்பில் முதல் பாடம். எல்லோரும் சுற்றி நின்று பார்த்த பதற்றத்தில் அவர் மறந்துவிட்டார். கண்ணாடி என் அக்காவின் உள்நாக்கில் போய் ஒட்டிக்கொண்டது. செருப்புக்குள் அவளுடைய கால்விரல்கள் மடங்கின. கண்ணில் நீர் கட்டியது. அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று வாத்தியார் கேட்டதற்கு, ஐயா நன்றாகத்தான் வைத்தார், எனக்குத்தான் இருமல் முட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். தன்னைவிட மூத்த மனிதர் இத்தனை பேர் நடுவில் தலைகுனிய வேண்டாமே என்ற நினைப்பு. அதற்குப் பிறகு பல நாள் எதையும் ஆறவைத்துத்தான் குடித்தாள். ஏன் இப்படி என்று நான் நச்சரித்த பிறகு எனக்குச் சொன்னாள். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

இது நடந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் அறையில் எனக்கு வேலை. மேல்தளத்தில் பேச்சொலி வகுப்பு நடந்தது. மனிதர் வாயிலிருந்து வரும் ஒலி எங்கே பிறக்கிறது, எது எதில் பட்டு எப்படி எழுத்தாகிறது என்று பார்க்கிற இடம் அது. பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள், காது கேளாத பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறவர்கள், சில வைத்தியர்கள் எனப் பல ஊர்களிலிருந்து வந்து படித்தார்கள். நடத்தியவரை ஒலி வாத்தியார் என்போம். மருத்துவம் படித்தவர் இல்லை. எழுத்தும் ஒலியும் படித்தவர். ஒல்லியாக, கோபமே வராத மனிதர். பேசும்போது எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அக்கா அங்கே சேர்ந்தது விளையாட்டாக. நான் கணவனை இழந்து அவள் வீட்டோடு இருந்தேன். ஒருநாள் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், மாடிப்படியில் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் காட்ட அழைத்து வந்தவர்கள் எல்லோரும், கண்ணாடி உள்ளே போனதும் குமட்டி ஓடிவிட்டார்களாம். "எங்க வீட்டுல என் வாயை மூட வைக்க ஆள் தேடறாங்க. திறக்கச் சொல்லிக் கூப்பிடற முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாக்கை ஒரு வெள்ளைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, நீளக் காம்பில் காசளவு இருந்த கண்ணாடியை உள்ளே விட்டார் வாத்தியார். அக்கா அசையவில்லை. கண்ணாடியை உள்நாக்கில் சாய்த்து வைத்துக்கொண்டே மூச்சு விட்டாள், ஆ என்றாள், ஈ என்றாள். அப்படி ஒரு தொண்டையை அவர் பார்த்ததே இல்லையாம். மாணவர்கள் பார்த்துப் படிக்கத் தொண்டையைக் காட்டும் வேலையை அன்றே கொடுத்துவிட்டார்.

தெருவில் இது பெரிய வேடிக்கை. வாயைத் திறந்ததற்குச் சம்பளமாம், நான் திறந்தால் அடிதான் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். கடவுள் அந்தந்த வாய்க்கு ஏற்ற பிழைப்பைக் கொடுக்கிறார் என்பார்.

மேலே சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கும் வந்து சேரும். வேலை முடிந்து நடக்கும்போதே அக்கா ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். கண்ணாடி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், முன்னோர்கள் தங்கள் வாயைத் தாங்களே கவனித்து, கொப்பூழிலிருந்து கிளம்பும் காற்று நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் தங்கி, நாக்கும் பல்லும் உதடும் சேரும் இடத்தில் எழுத்தாகிறது என்று சொல்லி வைத்தார்களாம். பின்னால் வந்தவர்களில் சிலர் தொண்டை ஒரு புல்லாங்குழல் என்றார்கள், சிலர் நரம்பு கட்டிய வாத்தியம் என்றார்கள். செத்த ஆட்டின் குரல்வளையை அறுத்தெடுத்துத் துருத்தி வைத்து ஊதிப் பார்த்தவர்களும் உண்டாம். அப்படி ஒரு துருத்திப் பெட்டி வகுப்பிலும் இருந்தது. தோல் வாயைக் கையால் அமுக்கினால் மா என்னும், பா என்னும். அக்கா அதைத் தன் சக்களத்தி என்பாள். "நான் லீவு போட்டா அவளைத்தான் மடியில வச்சுக்கிறாரு" என்பாள்.

ஆனால் வாத்தியாரை வாட்டிய கேள்வி ஒன்றே ஒன்று. தொண்டைக்குள் இரண்டு வெள்ளை நாடா இருக்கிறது. மூச்சுப் பட்டால் அவை துடித்து ஒலி எழுப்புகின்றன. ஆ-வும் ஈ-யும் ஊ-வும் வாயின் வடிவத்தால் பிரிகின்றன. இதுவரை சரி. எல்லோருக்கும் அதே நாடா என்றால், கதவுக்கு வெளியே இருமினாலே இது இன்னார் என்று எப்படித் தெரிகிறது? ஒருவர் குரலை ஒருவருடையதாக ஆக்குவது எது? அது உள்ளே எங்கோ கண்ணுக்குப் படாமல் இருக்கிறது என்று அவர் நம்பினார். அதைத் தேடியே தலை வழுக்கையாகிவிட்டது என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

பிறகு புது விளக்கு வந்தது. அதுவரை ஜன்னல் வெயிலை நெற்றிக் கண்ணாடியில் பிடித்துத் தொண்டைக்குள் திருப்புவார்கள். மேகம் போட்டால் வகுப்பு இல்லை. புது விளக்குக்கு முன்னால் கனமான கண்ணாடி வில்லை. வெளிச்சம் ஊசி மாதிரி உள்ளே இறங்கும். அந்த விளக்கில் அக்காவின் தொண்டையை முதன்முதலாகப் பார்த்த அன்று, வாத்தியார் கண்ணாடியை எடுக்கவே இல்லையாம். வலது நாடாவின் ஓரத்தில் கடுகைவிடச் சிறியதாக, வெளுத்துப் போய் ஒன்று இருந்தது.

அவர் தேடியது அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். ஏன் இத்தனை காலம் தெரியவில்லை? விளக்கு போதவில்லை. மற்றவர்கள் தொண்டையில் ஏன் தெரியவில்லை? அவர்கள் குமட்டிவிடுகிறார்கள், யாரும் இவ்வளவு நேரம் காட்டுவதில்லை. முழுதாகத் தெரிகிற தொண்டை ஊரிலேயே இவளுடையது ஒன்றுதான். ஆகவே இவளிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கிறது. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது. அதற்குக் குரல் விதை என்று பெயர் வைத்தார். விளக்கு வந்த அதே சமயத்தில் விதையும் வந்திருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மாணவர்கள் அவளுடைய தொண்டையை வைத்துத்தான் தொண்டை என்றால் என்ன என்று படித்தவர்கள். அளவுகோல் தப்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அன்று மாலை வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அக்கா எனக்கும் அத்தானுக்கும் முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். படைத்தவன் ஒரு விதையை வைத்துத்தான் நம்மைப் பேச வைத்திருக்கிறான் பார் என்று நான் விளக்கேற்றிக் கும்பிட்டு நன்றி சொன்னேன்.

படம் வரைபவர் ஒருவரை வைத்து, அக்காவின் தொண்டையை ஆள் உயரத்துக்கு வரைந்து சுவரில் மாட்டினார்கள். சிவப்புப் பள்ளத்தின் நடுவே இரண்டு வெள்ளை நாடா, ஓரத்தில் விதை. அதைக் காட்ட என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. திறந்தபடியே மூட மறந்துவிட்ட வாய் மாதிரி இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அத்தான் முகத்தையே யாரும் படம் போட்டதில்லை, என் தொண்டையைப் போட்டிருக்கிறார்கள் என்றாள். அதைச் சிறிதாக அச்சடித்துப் படித்துப் போனவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எந்தெந்த ஊருக்குப் போயிற்றோ.

அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. பேச்சின் அடியில் மணல் உரசுவது போல் இருந்தது. வாத்தியார் சந்தோஷப்பட்டார், பழக்கத்தால் விதை முற்றுகிறது, அதனால் அடிக்குரல் வளர்கிறது என்றார். கரி படிய வைத்த காகிதத்தை உருளையில் சுற்றி, அவளை ஊதுகுழலில் பேசச் சொல்லி, அதில் ஊசி கீறும் குரலின் கோடு மாறுவதை வாரா வாரம் பதிவு செய்தார். அத்தான் கேலி செய்தார். "கதவைத் திறந்தது யாரோ ஆம்பளைன்னு எந்திரிச்சு நின்னுட்டேன். உள்ளே வந்தா நீ" என்றார். அக்கா சிரித்தாள். சிரிப்பும் பாதியில் காற்றாகப் போயிற்று.

நாக்கைப் பிடிக்கிற துணிகளைக் கொதிநீரில் போட்டு வெளுப்பது என் வேலை. அவற்றில் ஒன்றில் சிவப்பு இருந்தது. குண்டூசித் தலை அளவு. எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனேன். வாத்தியார் வாங்கிப் பார்த்து, கீழ்ப்பல்லில் நாக்கு உரசியிருக்கும், இனிமேல் மெதுவாகப் பிடிக்கச் சொல்கிறேன் என்றார். அக்காவும் பல்தான் என்றாள். அடுத்த வாரமும் இருந்தது. மறுபடியும் போய்ச் சொன்னேன். பல்லை ராவிவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் தெருவில் கூவி விற்கும் ஓர் அம்மாள் படியேறி வந்தாள். தலையில் கூடையைச் சுமந்து வீதி வீதியாகக் கத்துகிறவள். தொண்டை கட்டி மாதக்கணக்காகிறது, கூவ முடியவில்லை, இங்கே தொண்டைக்குள் பார்க்கிறார்களாமே என்று கேட்டு வந்திருந்தாள். அங்கே படித்த வைத்தியர் ஒருவர் பார்த்தார். குமட்டிக் குமட்டி, கடைசியில் ஒரு நொடி தெரிந்ததாம். அவளுக்கும் விதை இருந்தது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா. அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். சுவர்ப் படத்தைக் காட்டி, இது எல்லோருக்கும் இருப்பதுதான், தேனைத் தடவிக்கொண்டு குரலுக்கு ஓய்வு கொடு என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அவளுடன் கீழே வரை வந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. "பயப்படாதீங்கம்மா, எனக்கும் இருக்கு. பாருங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்."

நல்லாத்தான் இருக்கவில்லை. விழுங்கும்போது காதில் குத்துகிறது என்றாள். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சூடான எண்ணெய் விட்டோம். படி ஏறினால் அவள் மூச்சு, துவாரம் விழுந்த துருத்தி மாதிரி கேட்டது. அத்தான் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். பிரம்பு பின்னிக்கொண்டே, அவள் உள்ளே நடமாடும் சத்தத்தைக் கேட்டபடி இருப்பார். ஓரிடத்தில் அவள் நின்றால் இவர் கையும் நின்றுவிடும். நான் கும்பிடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

தொண்டை வைத்தியத்தில் பெயரெடுத்த டாக்டர் ஒருவர் வேறு ஊரிலிருந்து வந்தார். அச்சடித்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். வகுப்புக்கு வருபவர் என்று நினைத்து வாத்தியார் வாசல் வரை போய் அழைத்து வந்தார். அன்று விளக்குத் துடைக்கும் துணியை மாற்ற நான் மேலே போயிருந்தேன். அக்கா வழக்கம்போல வாயைத் திறந்தாள். அவர் கண்ணாடியைச் சூடாக்கினார், புறங்கையில் வைத்துப் பார்த்தார், உள்ளே விட்டார். எல்லோரும் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். ஆ சொல்லு என்றுகூட அவர் சொல்லவில்லை. வெளியே எடுத்து, கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவள் தாடைக்குக் கீழே கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, காது வலிக்கிறதா அம்மா என்று கேட்டார். அதுவரை அந்த அறையில் யாரும் அவளிடம் காதைப் பற்றிக் கேட்டதில்லை. வலிக்கிறது என்று தலையாட்டினாள். அவர் வாத்தியாரின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த வாத்தியார் சுவர்ப் படத்தின் எதிரில் போய் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் மறைக்கவில்லை. அது உடம்பின் உறுப்பு அல்ல, நோய். கடுகாக இருந்தபோது பார்த்திருந்தால் ஒரு வழி இருந்தது. இப்போது குரல்வளையையே எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. எடுத்தாலும் பிழைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் மூச்சு முட்டும். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முதலில் அவள் கேட்டது கூவி விற்கும் அம்மாளைப் பற்றி.

தேடினோம். வாத்தியார் மாணவர்களை நாலு பக்கமும் அனுப்பினார். பெயர் கேட்டு வைத்தவர்கள் இல்லை, வீடு தெரிந்தவர்கள் இல்லை. விதை இருக்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். அவள் கூவிப் போன தெருக்களில் கேட்டபோது, ஆமாம், இப்போதெல்லாம் குரல் கேட்பதில்லை என்றார்கள்.

வீட்டில் அத்தானிடம் யார் சொல்வது என்று பயந்தேன். அக்காவே சொன்னாள். அவர் பிரம்பைக் கீழே வைக்காமலே கேட்டார். ஒரு வரி பின்னி முடித்துவிட்டு, "பேசாத பொண்டாட்டி வேணும்னு ஊர்ல எத்தனை பேரு தவம் கிடக்கறான். எனக்குக் கேக்காமயே கிடைக்குது பாரு" என்றார். சொல்லி முடித்த பின் வாய் கோணிக்கொண்டது. பிரம்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீதி வைத்து என்ன செய்யப் போகிறேன் என்றாள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது, எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும், தையல்காரி எப்போது எதற்கு அழுதாள் என்று எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அவர் வேலையை விட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியாரும் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டதும், அக்கா அவரையே சமாதானப்படுத்தியதும் எனக்கு மறக்காது. உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தீர்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றாள். படத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கழற்ற வேண்டும், கழற்றிவிடுகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவருக்குக் கை வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவருடைய ஆயுளே அந்தப் படத்தில்தான் இருந்தது. நான் மறுநாள் துணி எடுக்கப் போனபோதும் அது சுவரில்தான் இருந்தது. புதிதாக வந்த இரண்டு பேர் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடம் சொன்னேன்.

அறுவை அறைக்குள் அத்தானை விடவில்லை. வாசல் பெஞ்சில் தன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கூடப் போகலாம் என்று எனக்கு மட்டும் கதவு வரை அனுமதி கிடைத்தது. தாழ்வாரம் முழுக்க மருந்து வாடை. உள்ளே கருவிகளைத் தட்டில் அடுக்கும் சத்தம் கேட்டது. என் உதடு கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது; சத்தம் வரவில்லை. அவள் அந்த அறையிலிருந்து மூச்சோடு வந்தாள், கண் திறந்தாள், என் விரலைப் பிடித்தாள். ஆனால் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பேச்சு என்பது அந்தக் கதவோடு முடிந்தது. அறுவைக்கு உள்ளே வரச் சொல்லிக் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டபோது, என் காதருகே குனிந்து, காற்றும் கரகரப்புமாக அவள் சொன்னது இதுதான்:

"படத்தைக் கழட்டற வரைக்கும் வாத்தியாரை விடாத. எந்த ஊர்லயோ ஒருத்தி தொண்டை கம்மிப் போய் வந்து உக்காந்திருப்பா. அந்தப் படத்தைப் பாத்துப் படிச்சவங்க அவகிட்டயும், எல்லாருக்கும் இருக்கறதுதாம்மான்னு சொல்லி அனுப்பிடுவாங்க."